டீசல் லாரியில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் லீக்: முதல் சத்தத்திலிருந்து மறு டார்க் வரை

எஞ்சின் ஹெட்டுக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் நடுவில் உள்ள பேக்கிங்கை மாற்றி ஒரு மாதத்துக்குள் அதே இடத்தில் மறுபடி புகை வருகிறது என்றால், பெரும்பாலும் பேக்கிங்கில் தப்பிருக்காது. சிலிண்டர்களின் புகையை டர்போவுக்குக் கொண்டுபோகும் வார்ப்பிரும்புக் குழாயான மேனிஃபோல்ட் வளைந்திருக்கும், அல்லது சுருங்கிப்போய்ப் போல்ட்டைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டிருக்கும். அதை அளக்காமலே புதுப் பேக்கிங் வைத்துப் பூட்டியிருப்பார்கள். இந்த வேலையைப் புதிதாகத் தொடுபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். அதனால் கீழே அளவெடுப்பதற்கும் போல்ட் கழற்றுவதற்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறது.

எடுத்துக்கொண்ட எஞ்சின் கம்மின்ஸ் 6பிடி: 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ, மெக்கானிக்கல் பம்ப். டாடா 1613, 2515 வரிசை லாரிகளில் பரவலாக இருப்பது. வேறு டர்போ டீசல் எஞ்சின்களுக்கும் வேலையின் வரிசை இதுவேதான். டார்க் (போல்ட்டை இறுக்கும் விசை), வளைவு அளவுகளை மட்டும் அந்தந்த எஞ்சினின் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. லீக் எப்படி உருவாகிறது

முழு லோடில் மேடு ஏறும்போது டர்போவுக்கு முன்னால் புகையின் சூடு 600 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை போகும். மேனிஃபோல்டும் கூடவே சூடேறும். அதைத் தாங்கி நிற்கும் ஹெட்டில் கூலன்ட் ஓடுவதால் அது 100 டிகிரியை ஒட்டியே நிற்கும்.

வார்ப்பிரும்பு ஒரு மீட்டர் நீளத்தில், 100 டிகிரிக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளும். 700 மில்லிமீட்டர் நீளமுள்ள மேனிஃபோல்ட் 500 டிகிரி கூடும்போது ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் நீள வேண்டும். ஹெட் நீள்வது அரை மில்லிமீட்டர் அளவுதான். மேனிஃபோல்ட் ஓட்டைகள் போல்ட்டைவிடச் சற்றுப் பெரிதாக இருப்பதன் காரணம் இதுதான். நடுவில் பிடித்தபடி, இரண்டு முனைகளும் வெளியே நகர்ந்து திரும்பி வர வேண்டும்.

போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கினாலோ, ஓட்டைக்குள் துருவும் கரியும் அடைத்துக்கொண்டாலோ அந்த நகர்வு நின்றுபோகும். நீள முடியாத இரும்பு, சூட்டில் இளகிய நிலையில் தனக்குள்ளேயே நசுங்குகிறது. ஆறும்போது அந்த நசுங்கிய நீளத்திலிருந்து சுருங்கத் தொடங்கும். ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் மேனிஃபோல்ட் இம்மியளவு குட்டையாகிறது. கடைசியில் முனை போல்ட்டுகளை உள்பக்கமாக இழுத்து முறிக்கும். முதல், ஆறாம் சிலிண்டர் போல்ட்டுகள் முதலில் போவதும், நடுவில் உள்ளவை பல வருடம் நிற்பதும் இதனால்தான்.

2. தொடங்குவதற்கு முன் கையில் வேண்டியவை

- போல்ட் தலைக்குச் சரியான அளவில் ஆறு முனை சாக்கெட். பன்னிரண்டு முனை சாக்கெட் துருப்பிடித்த தலையை வழுக்கிவிடும்.
- 20 முதல் 100 நியூட்டன் மீட்டர் வரை காட்டும் டார்க் ரெஞ்ச்.
- துருத் தளர்த்தும் ஆயில்.
- 700 மில்லிமீட்டருக்கு மேல் நீளமுள்ள, நேரான எஃகு மட்டப்பட்டை, 0.05 மில்லிமீட்டரிலிருந்து தொடங்கும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்).
- புதுப் பேக்கிங் ஆறு. 6பிடியில் சிலிண்டருக்கு ஒன்றாகத் தனித்தனியாக வரும். கூடவே டர்போ அடிப் பேக்கிங், ஆயில் ரிட்டர்ன் பேக்கிங்.
- புது மேனிஃபோல்ட் போல்ட் பன்னிரண்டு, எம்10, 1.5 பிட்ச். எத்தனை முறிந்தன என்று பார்த்து அதை மட்டும் மாற்றும் பழக்கம் வேண்டாம். முறியாதவையும் அதே சூட்டில், அதே இழுவையில் இருந்தவைதான்.
- எம்10 டேப், கம்பி பிரஷ், சுத்தமான துணி, பழைய சைக்கிள் டியூப் அல்லது ஒரு மீட்டர் தண்ணீர்க் குழாய்.

பேக்கிங்கை முன்னாலேயே வாங்கலாம். மேனிஃபோல்டை மட்டும் அளந்து பார்க்கும்வரை வாங்க வேண்டாம்.

3. குளிர்ந்த எஞ்சினில் கேளுங்கள், பிறகு கரியைத் தேடுங்கள்

ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் முதல் ஸ்டார்ட்டில் கேட்க வேண்டும். குளிரில் மேனிஃபோல்ட் சுருங்கியிருக்கும்போதுதான் இடைவெளி அதிகம். ஐந்து பத்து நிமிடம் ஓடிச் சூடானதும் இரும்பு நீண்டு இடைவெளியை அடைத்துவிடும், டிக் டிக் சத்தம் மறைந்துவிடும். மத்தியானம் சூடாக வந்து நிற்கும் வண்டியைப் பார்த்து "லீக் இல்லை" என்று அனுப்புவது இங்கே நடக்கும் முதல் தப்பு.

குழாயின் ஒரு முனையைக் காதருகே பிடித்து, மறுமுனையை ஒவ்வொரு ஃபிளேஞ்ச் (மேனிஃபோல்ட் ஹெட்டில் அமரும் தட்டை முகம்) ஓரமாகவும் நகர்த்துங்கள். லீக் உள்ள இடத்தில் சத்தம் கூர்மையாகும். ஃபேன் பக்கம் கையும் துணியும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதை வெட்டவெளியில் செய்யுங்கள். கதவு மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட்டி லீக் தேடுவது உயிருக்கு ஆபத்து.

எஞ்சினை நிறுத்தி டார்ச் அடித்துப் பாருங்கள். லீக் உள்ள இடத்தில் ஃபிளேஞ்ச் விளிம்பிலிருந்து விசிறி மாதிரி கரி பரவியிருக்கும். விரலில் தொட்டால் உலர்ந்த பொடி. பிசுபிசுப்பாக, ஈரமாக இருந்தால் அது ஆயில். டர்போ சீலையோ வால்வு கைடையோ தனியாகப் பார்க்க வேண்டிய விஷயம். கரி எங்கே முடிகிறது என்பதைவிட எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். ஃபேன் காற்று பொடியைப் பின்னால் தள்ளுவதால், இரண்டாம் சிலிண்டர் லீக் மூன்றாவதின் மேல் கரியாகப் படிந்திருக்கும்.

டிரைவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். மேட்டில் புல்லிங் குறைந்ததா? லோடில் கரும்புகை கூடியதா? எக்ஸாஸ்ட் பிரேக் முன்பு மாதிரி பிடிக்கிறதா? டர்போவுக்கு முன்னால் புகை வெளியேறினால் டர்பைனைச் சுழற்றும் அழுத்தம் குறைகிறது. அதனால் காற்று குறைகிறது, அதே டீசல் அரைகுறையாக எரிகிறது. எக்ஸாஸ்ட் பிரேக்கும் அதே அழுத்தத்தைத் தேக்கித்தான் வேலை செய்கிறது. தொப்பூர் மாதிரி நீண்ட இறக்கத்தில் அது தளர்ந்தால் முழுப் பாரமும் சக்கர பிரேக்கின் மேல் விழும். லீக்கைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு மைலேஜைவிடப் பெரிய காரணம் இது. கேபினுக்குள் புகை வாடை வருகிறது என்று சொன்னால், சரிசெய்யும்வரை எஞ்சினை ஓடவிட்டு உள்ளே படுத்துத் தூங்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்லுங்கள்.

4. டாப்பெட், இன்ஜெக்டர், லீக்: மூன்றையும் பிரிப்பது

டாப்பெட் (வால்வை அசைக்கும் பாகம்) தட்டல், இன்ஜெக்டர் தட்டல், லீக் மூன்றும் டிக் டிக் என்றே கேட்கும். 6பிடியில், ஐட்லிங்கில் ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப் நட்டாகத் தளர்த்திப் பார்க்கலாம். நட்டைச் சுற்றித் துணி, கண்ணுக்குக் கண்ணாடி, அரை முதல் ஒரு சுற்று மட்டும். பீய்ச்சும் டீசலின் முன்னால் கையை வைக்காதீர்கள். அது தோலைத் துளைத்து உள்ளே போகும்.

ஒரு சிலிண்டரை இப்படி நிறுத்தியும் சத்தம் மாறாவிட்டால் டாப்பெட். சத்தம் நின்றால் இன்ஜெக்டர் அல்லது லீக். அதற்குப் பிறகு கரியும் சோப்புத் தண்ணீரும் தீர்ப்புச் சொல்லும். லீக் சத்தம் லோடு ஏற ஏறக் கூடும், எஞ்சின் சூடானால் குறையும். இன்ஜெக்டர் தட்டல் சூட்டில் முழுதாக மறையாது.

காமன் ரெயில் (கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் உயர் அழுத்த டீசல் பைப்) எஞ்சினில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. அங்கே பைப்பில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேலும் ஏறும். நேராக அடுத்த படிக்குப் போங்கள்.

5. சோப்புத் தண்ணீர் சோதனை

எஞ்சின் நின்று முழுதாக ஆறியிருக்க வேண்டும், கியர் நியூட்ரலில். சைலன்சர் வால் குழாயில் ப்ளோயர் குழாயைச் செருகிச் சுற்றிலும் துணி திணித்து டேப் ஒட்டுங்கள். வாக்குவம் கிளீனரின் ஊதும் முனை இருந்தாலும் போதும். கம்ப்ரஸர்தான் என்றால் ரெகுலேட்டர் வைத்து 0.2 பாருக்குள் நிறுத்துங்கள். அதற்கு மேல் கொடுத்தால் துணியும் டேப்பும்தான் பறக்கும். லீக் அதிகம் தெரியப்போவதில்லை.

பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து ஆறு ஃபிளேஞ்ச், டர்போ அடி, மேனிஃபோல்ட் உடல் எல்லாவற்றின் மேலும் தெளியுங்கள். நுரை கட்டும் இடத்தைச் சாக்பீஸால் குறியிடுங்கள். ஃபிளேஞ்ச் ஓரத்தில் நுரைத்தால் பேக்கிங் அல்லது வளைவு. உடலின் நடுவே கோடாக நுரைத்தால் விரிசல்.

ஏர் ஃபில்டர் பக்கம் உஸ் என்று காற்று போகும் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம். ஏதோ ஒரு சிலிண்டரில் இரண்டு வால்வும் ஒரே நேரத்தில் லேசாகத் திறந்திருக்கும் நிலையில் எஞ்சின் நின்றிருக்கிறது. ஃபிளைவீலைக் கொஞ்சம் சுற்றினால் நின்றுவிடும்.

6. போல்ட்டை அவசரப்படாமல் கழற்றுவது

இந்த வேலையில் பாதி நேரம் இங்கே போக வேண்டும். இங்கே மிச்சம் பிடிக்கும் ஒரு மணி நேரம், முறிந்த போல்ட்டோடு ஒரு முழு நாளாகத் திரும்பி வரும்.

முதல் நாள் மாலையே ஒவ்வொரு போல்ட்டின் அடியிலும் துருத் தளர்த்தும் ஆயில் விடுங்கள். எஞ்சின் கைச்சூட்டில் இருந்தால் நல்லது. ஆறும்போது ஆயிலைத் திருகுக்குள் இழுத்துக்கொள்ளும். கொதிக்கும் மேனிஃபோல்டின் மேல் ஊற்றாதீர்கள், தீப்பிடிக்கும். இரவு ஒரு முறை, காலையில் ஒரு முறை மறுபடி விடுங்கள்.

சாக்கெட்டைத் தலையில் முழுதாக உட்காரவைத்து, எக்ஸ்டென்ஷன் மேல் சுத்தியலால் இரண்டு தட்டு. பிறகு முதலில் இறுக்கும் பக்கம் மெல்ல அழுத்துங்கள். துரு லேசாக உடையும் "கிரிச்" சத்தம் கேட்கும். அதன் பிறகு தளர்த்தும் பக்கம் கால் சுற்று, மறுபடி இறுக்கும் பக்கம் கொஞ்சம், மறுபடி ஆயில். முன்னும் பின்னுமாகக் கொண்டுவந்தால் துருப்பொடி திருகிலிருந்து வெளியேறும். ஒரே மூச்சில் சுற்றினால் அந்தப் பொடி திருகில் மாட்டி, போல்ட் கழுத்தில் முறுக்கிக்கொண்டு உடையும்.

கையில் ரப்பர் மாதிரி இழுவை தெரிந்தால் நிறுத்துங்கள். போல்ட் சுழலாமல் முறுக்கிக்கொள்கிறது என்று பொருள். அந்தப் போல்ட்டை விட்டுவிட்டு மற்றவற்றைத் தளர்த்துங்கள். மேனிஃபோல்டின் இழுவை குறைந்ததும் பல சமயம் தானே இளகும். ரிங் ஸ்பேனரில் பைப் மாட்டி இழுப்பதும், இம்பாக்ட் கன்னை முழு வேகத்தில் விடுவதும் இந்த இடத்துக்கு ஆகாது.

ரேடியேட்டர் பக்கம் இருப்பது முதல் சிலிண்டர். தளர்த்தும் வரிசை வெளியிலிருந்து உள்ளே: 1, 6, பிறகு 2, 5, கடைசியில் 3, 4. நடுவை முதலில் விட்டால் முனைகளில் மாட்டிக்கொண்ட வளைவு, மீதிப் போல்ட்டுகளின் மேல் ஏறிவிடும். எல்லாவற்றையும் தளர்த்தினாலும், நடுவில் இரண்டு போல்ட்டை டர்போ இறங்கும்வரை முழுதாகக் கழற்றாதீர்கள்.

7. டர்போவை முதலில் இறக்குங்கள்

டர்போவோடு சேர்த்து மேனிஃபோல்டைத் தூக்கலாம் என்று தோன்றும். பாரம் கூடி, ஒரு பக்கம் சாய்ந்து, ஆயில் பைப் வளைந்துதான் முடியும்.

காற்றுக் குழாய் இரண்டு, சைலன்சர் பக்கக் கிளாம்ப், மேலே ஆயில் பைப், கீழே ஆயில் ரிட்டர்ன், கடைசியில் நான்கு நட். ஒவ்வொரு திறந்த வாயையும் அப்போதே துணியாலோ டேப்பாலோ மூடுங்கள். ஒரு சின்ன வாஷர் டர்பைனுக்குள் விழுந்தால் முதல் ஸ்டார்ட்டிலேயே டர்போ போய்விடும். டர்போவை ஆயில் பைப்பைப் பிடித்துத் தூக்காதீர்கள்.

கையில் இருக்கும்போதே ஷாஃப்ட்டை முன்னும் பின்னும், மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கும். வீல் உறையில் உரசினாலோ, முன்பின் ஆட்டம் கைக்குத் தெளிவாகத் தெரிந்தாலோ டர்போவையும் இப்போதே கவனிக்க வேண்டும்.

மேனிஃபோல்டை இருவர் பிடித்து நேராக வெளியே இழுங்கள். ஹெட்டில் ஆறு வாயிலும் துணி அடைத்து, எத்தனை துணி என்று பலகையில் எழுதிவையுங்கள். பூட்டும்போது அதே எண்ணிக்கை வெளியே வந்திருக்க வேண்டும்.

8. போல்ட் முறிந்துவிட்டால்

ஹெட்டிலிருந்து கொஞ்சமாவது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதுவே நல்ல காலம். எம்10 நட்டை அதன் மேல் வைத்து, நட்டின் உள்ளே மிக் வெல்டிங் நிரப்புங்கள். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்ப்பை ஹெட்டிலேயே மாட்ட வேண்டும். வெல்டிங் சூடு போல்ட்டை விரித்துச் சுருக்கி, துருவின் பிடியை உடைக்கிறது. சிவப்பு மறைந்து ஒரு நிமிடம் கழித்து ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் அசையுங்கள். முதல் நட் பிய்ந்துவந்தால் இரண்டாவதை வைத்துச் செய்யுங்கள். மூன்றாவது முறைக்கு இளகுவதும் உண்டு.

ஹெட் மட்டத்துக்கு முறிந்திருந்தால் நடுக்குத்து மிகச் சரியாக விழ வேண்டும். முறிந்த முகம் கோணலாக இருந்தால் முதலில் சிறு கிரைண்டரால் சமமாக்குங்கள். இடப்பக்கம் சுற்றும் ட்ரில் பிட் 3, 5, 6.5 மில்லிமீட்டர் என்று ஏறுங்கள். ட்ரில் செய்யும்போதே போல்ட் பின்னோக்கிச் சுழன்று வந்துவிடும் வாய்ப்பு உண்டு. எத்தனை ஆழம் என்று பிட்டில் டேப் சுற்றிக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஈஸி-அவுட் (துளைக்குள் திருகி, முறிந்த போல்ட்டைப் பின்னோக்கிச் சுழற்றி எடுக்கும் கருவி) கடைசி ஆயுதம். அது உள்ளே முறிந்தால் சாதாரண ட்ரில் அதைத் தொடாது, ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும். நடு தப்பித் திருகு கெட்டுவிட்டால் ஹெலிகாயில் (புதுத் திருகாக உள்ளே பதிக்கும் கம்பிச்சுருள்) போடலாம். அந்தக் கிட்டில் வரும் ட்ரில்லையும் டேப்பையும் மட்டுமே பயன்படுத்துங்கள்.

எல்லா ஓட்டையிலும் எம்10 டேப்பைக் கையால் விட்டு, காற்றடித்துப் பொடியை வெளியேற்றுங்கள். அடியில் கரி நின்றால் போல்ட் அடி தட்டி நிற்கும். டார்க் ரெஞ்ச் "கிளிக்" என்று சொல்லும், மேனிஃபோல்டோ இறுகியிருக்காது.

9. சுத்தம் செய்து மூன்று அளவு எடுங்கள்

ஹெட் முகத்தைத் தட்டையான ஸ்கிரேப்பரால் சுரண்டுங்கள். கிரைண்டரில் எமரி டிஸ்க் போட்டுத் தேய்த்தால் நிமிடத்தில் பளபளக்கும், ஆனால் வாயைச் சுற்றிப் பள்ளம் விழும். புதுப் பேக்கிங் அந்தப் பள்ளத்தை நிரப்பாது.

முதல் அளவு, வளைவு. மேனிஃபோல்டைக் கவிழ்த்து, ஆறு ஃபிளேஞ்சின் மேலும் மட்டப்பட்டையை நீளவாட்டில் வையுங்கள். பிறகு மேல் ஓரம், கீழ் ஓரம், குறுக்கு மூலை. பட்டைக்கு அடியில் 0.20 மில்லிமீட்டர் ஃபீலர் நுழைந்தால் அப்படியே பூட்டக் கூடாது. ஒவ்வொரு ஃபிளேஞ்சிலும் கண்ட இடைவெளியை அதன் பக்கத்திலேயே சாக்பீஸால் எழுதுங்கள். நடு ஃபிளேஞ்ச் தொட்டு முனைகள் விலகியிருந்தால் வில் மாதிரி வளைந்திருக்கிறது; ஒரே ஒரு ஃபிளேஞ்ச் மட்டும் தாழ்ந்திருந்தால் அந்த இடத்தில் பழைய லீக் இரும்பை அரித்திருக்கிறது.

இரண்டாவது, சுருக்கம். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பேக்கிங் இல்லாமல் மேனிஃபோல்டை ஹெட்டில் வைத்து, நடு நான்கு போல்ட்டை மட்டும் விரலால் திருகுங்கள். இப்போது முனை ஓட்டைகளின் வழியே பாருங்கள். ஹெட் ஓட்டை, மேனிஃபோல்ட் ஓட்டையின் நடுவில் வட்டத்துக்குள் வட்டமாகத் தெரிய வேண்டும். வெளிப்பக்கம் ஒதுங்கி நிலாப்பிறை மாதிரி தெரிந்தால் மேனிஃபோல்ட் குட்டையாகிவிட்டது. பன்னிரண்டு போல்ட்டும் கையாலேயே, எங்கும் உரசாமல் முழுதாக உள்ளே போக வேண்டும். நெம்பினால்தான் போகும் என்ற நிலையில் பூட்டினால், முதல் மேடு ஏறி ஆறும்போதே அந்தப் போல்ட் அறுபடத் தொடங்கும்.

மூன்றாவது, ஹெட் முகம். அதே மட்டப்பட்டையை ஹெட்டிலும் வையுங்கள். அபூர்வமாகத்தான் கெட்டிருக்கும், ஆனாலும் பார்க்காமல் விட வேண்டாம்.

10. விரிசல் தேடுவது

மேனிஃபோல்டைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். கோயில் மணி மாதிரி நீண்டு ஒலித்தால் நல்லது. உடைந்த பானை மாதிரி சொத்தென்று ஒலித்தால் எங்கோ விரிசல் இருக்கிறது.

இடத்தைக் காண, கம்பி பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்து மண்ணெண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விடுங்கள். துடைத்துக் காயவைத்து, சாக்பீஸ் பொடி பூசுங்கள். விரிசலுக்குள் போன எண்ணெய் வெளியே வந்து வெள்ளையில் ஈரக் கோடாகத் தெரியும். ஃபிளேஞ்சும் குழாயும் சேரும் மூலைகளையும், டர்போ அமரும் முகத்தையும் முதலில் பாருங்கள்.

டர்போ முகத்தின் நடுச் சுவரில் மயிரிழை விரிசல் அடிக்கடி தெரியும். முன் மூன்று சிலிண்டர் புகையையும் பின் மூன்றையும் பிரிக்கும் சுவர் அது. அங்கே மட்டும் இருந்தால் வெளியே லீக் ஆகாது. படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொண்டு ஓட்டலாம். வெளிச்சுவரைத் தொட்டுவிட்டால் மேனிஃபோல்டை மாற்றியே ஆக வேண்டும்.

11. மட்டம் போடுவதா, வெல்டிங்கா, புதிதா

வளைவு மட்டும் இருந்து, ஓட்டைகள் சரியாக அமர்ந்தால் மெஷின் ஷாப்பில் மட்டம் போடலாம். ஆறு ஃபிளேஞ்சையும் ஒரே பிடிப்பில், ஒரே மட்டத்தில் எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாகப் பிடித்து எடுத்தால் ஒவ்வொன்றும் தட்டையாக இருக்கும், ஆறும் ஒரே தளத்தில் இருக்காது. அரை மில்லிமீட்டருக்கு மேல் எடுக்க வேண்டியிருந்தால் புதிது வாங்குவதே சரி.

சுருங்கிய மேனிஃபோல்டுக்கு மட்டம் போடுவது மருந்தல்ல. முனை ஓட்டைகளை வெளிப்பக்கம் ஒரு மில்லிமீட்டர் நீட்டி அகலமாக்கி ஓட்டுவோர் உண்டு. புதிது கிடைக்கும்வரை அது செல்லும். சுருக்கம் அதற்குள் நின்றுவிடாது.

வெல்டிங்கும் அப்படித்தான். செய்வதானால் விரிசலின் இரு முனையிலும் 3 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, வி வடிவில் பள்ளம் வெட்டி, முழு மேனிஃபோல்டையும் சீராகச் சூடேற்றி, நிக்கல் ராடால் 25 மில்லிமீட்டர் துண்டு துண்டாக ஓட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டையும் சுத்தியலால் மெல்லத் தட்டி, கடைசியில் உலர்ந்த சாம்பலிலோ மணலிலோ புதைத்து ஒரு ராத்திரி ஆறவிட வேண்டும். திறந்த காற்றில் ஆறினால் வெல்டிங் ஓரமாகப் புது விரிசல் விழும். பிறகு மறுபடி மட்டம். பித்தளைப் பற்று இந்தச் சூட்டுக்கு ஆகாது. டர்போ முகத்தின் அருகே எந்த ஒட்டும் வேண்டாம்.

12. பூட்டுவது

பேக்கிங்கை உலர்ந்த நிலையிலேயே வையுங்கள். சிலிக்கான், ஷெல்லாக், கிரீஸ் எதுவும் வேண்டாம். சிலிக்கான் இந்தச் சூட்டில் கருகும், பிதுங்கிய துண்டு டர்பைனுக்குப் போகும். முகம் குறித்திருந்தால் அந்தப் பக்கமே வெளியே. பழைய பேக்கிங்கை இரண்டாம் முறை பயன்படுத்தக் கூடாது. ஒரு முறை நசுங்கியது திரும்ப எழாது.

போல்ட் எஞ்சின் கம்பெனியின் உதிரிபாகமாகவே இருக்கட்டும். ஹார்டுவேர் கடை ஹைடென்சில் போல்ட் கையில் எத்தனை கெட்டியாகத் தெரிந்தாலும் இந்தச் சூட்டில் இளகும். சாதா ஸ்டெயின்லெஸ் போல்ட், இரும்பைவிட அதிகம் நீள்வதால் சூட்டில் பிடியை விடும். திருகில் ஆன்டி-சீஸ் (திருகு பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும்) பேஸ்ட்டை மெல்லிய படலமாகத் தடவலாம். தடித்துப் பூசினால் உராய்வு குறைந்து, அதே டார்க்கில் போல்ட் அதிகமாக இழுபடும்.

துணிகளை எடுத்து எண்ணுங்கள். நடுவிலிருந்து தொடங்கிப் பன்னிரண்டு போல்ட்டையும் கையால் முழுதாகத் திருகுங்கள். பிறகு வரிசை 3, 4, அடுத்து 2, 5, கடைசியில் 1, 6. முதல் சுற்று 20 நியூட்டன் மீட்டர், இரண்டாம் சுற்று 43. மூன்றாம் சுற்று அதே 43-ல் சரிபார்ப்பதற்கு. நடுவைப் பிடித்து வெளியே போவதால் முனைகள் நகர இடம் கிடைக்கிறது. "இன்னும் ஒரு இழுப்பு" என்று 43-ஐத் தாண்டினால், முதல் பகுதியில் சொன்ன நசுங்கல் அன்றைக்கே தொடங்கும்.

13. டர்போவும் முதல் ஸ்டார்ட்டும்

டர்போவைப் புதுப் பேக்கிங்கோடு உட்காரவைத்து நான்கு நட்டையும் மூலைக்கு மூலை இறுக்குங்கள். ஆயில் பைப்பை மாட்டும் முன் அந்த ஓட்டையில் சுத்தமான எஞ்சின் ஆயில் 50 முதல் 60 மில்லி ஊற்றி, வீலைக் கையால் சுற்றுங்கள். உலர்ந்த பேரிங்கில் டர்போவைச் சுழலவிட்டால் சில நொடியிலேயே கீறிவிடும்.

ஸ்டார்ட் செய்யும் முன் ஐந்தாம் படியில் செய்த சோப்புத் தண்ணீர் சோதனையை மறுபடி செய்யுங்கள். டீசலை அடைத்து ஆயில் பிரஷர் காட்டும்வரை கிராங்க் செய்து, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். ஐந்து நிமிடம் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஐட்லிங். மேனிஃபோல்ட் மேல் பட்ட ஆயில் எரிந்து பத்துப் பதினைந்து நிமிடம் புகையும். அது லீக் அல்ல.

14. ஆறிய பின் மறு டார்க்

வண்டியை லோடில் ஒரு ஓட்டம் ஓட்டிச் சூடேற்றி, நான்கைந்து மணி நேரம் ஆறவிட்டு, அதே வரிசையில் 43-க்குச் சரிபாருங்கள். புதுப் பேக்கிங் முதல் சூட்டில் படிந்து இளகும். சூட்டோடு இறுக்கக் கூடாது: அந்த 43 ஆறிய எஞ்சினுக்கான அளவு. முதல் நீண்ட லோடு போய்வந்ததும் இன்னொரு முறை. ஃபிளேஞ்ச் ஓரங்களைச் சுத்தமாகத் துடைத்து அனுப்பினால், திரும்பி வரும்போது புதுக் கரி பளிச்சென்று தெரியும்.

15. மறுபடி அதே இடத்தில் வந்தால்

மேனிஃபோல்டைத் தொடும் முன் வண்டிக்கு அடியில் போங்கள். சைலன்சர் குழாயின் பிராக்கெட் உடைந்தோ ரப்பர் அறுந்தோ இருந்தால், குழாயின் பாரமும் அதிர்வும் டர்போ வழியாக மேனிஃபோல்டில் தொங்கும். டர்போ பக்கக் கிளாம்ப்பைக் கழற்றிப் பாருங்கள். குழாய் தன் இடத்திலேயே நிற்க வேண்டும். கீழே தொங்கினாலோ பக்கவாட்டில் துள்ளினாலோ பிராக்கெட்டைச் சரிசெய்த பிறகுதான் பேக்கிங்.

அடுத்து, டிரைவரிடம் வாட்டர் சர்வீஸ் எப்போது செய்தார்கள் என்று கேளுங்கள். ஓடிவந்த சூட்டிலேயே எஞ்சின் மேல் தண்ணீர் பீய்ச்சினால், வார்ப்பிரும்பின் ஒரு பக்கம் மட்டும் சட்டென்று சுருங்கி வளையும், வெடிக்கும். எஞ்சினை நிறுத்தி இரண்டு மணி நேரமாவது ஆறிய பிறகு கழுவச் சொல்லுங்கள். மேடு ஏறி வந்து நிறுத்தும் முன் மூன்று முதல் ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் விடவும் சொல்லுங்கள். மேனிஃபோல்டும் டர்போவும் மெல்ல ஆற அந்த நேரம் வேண்டும்.

இரண்டும் சரியாக இருந்து, முனைப் போல்ட் மட்டும் மறுபடி முறிந்திருந்தால் ஒன்பதாம் படியின் இரண்டாவது அளவை மறுபடி எடுங்கள். ஓட்டையில் நிலாப்பிறை தெரிகிறதா என்று பாருங்கள்.